பழைய கேலிச்சித்திரப் படங்களில் வார்ப்புப் படிமங்கள்: தமிழ் வகுப்பறை நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் தென்பகுதியில் வளர்ந்த தமிழர் பலருக்குத் தொலைக்காட்சி இரு நாடுகளை நோக்கித் திறந்த சாளரமாக விளங்கியது. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியிலும் மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. ஜொகூர் பாருவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் ஏரியலைச் சற்றே திருப்பினால் சிங்கப்பூர் அலைவரிசைகளும் தெரியும். தோட்டத்துப் பொதுமண்டபத்தில் இருந்த ஒற்றைத் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்ந்து, பூனை எலியைத் துரத்துவதையும் வெடி வெடித்துப் பூனையின் முகம் கரியாவதையும் கண்டு சிரித்த தலைமுறையைச் சார்ந்தவர் நாம். அச்சிரிப்பில் என்ன கலந்திருந்தது என்பதை அன்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அண்மையில் ஜொகூரைச் சேர்ந்த தமிழாசிரியர் சிலருடன் அமர்ந்து உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. மூன்றாம் ஆண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தம் வகுப்பில் நிகழ்ந்ததைக் கூறினார். தேர்வு முடிந்த ஓய்வு நாளொன்றில் பழைய கேலிச்சித்திரப் படம் ஒன்றை அவர் திரையிட்டிருக்கிறார். வெடிவிபத்தில் பூனையின் முகம் கறுத்து, உதடுகள் தடித்து, தலைமுடி சிறுசிறு சடைகளாக நின்றபோது வகுப்பு முழுவதும் சிரித்தது; பின்னர் மாணவர் சிலர் திரும்பி ஒரு மாணவனைப் பார்த்துச் சிரித்தனர். ஆசிரியை படத்தை நிறுத்திவிட்டார். வகுப்பு முடிந்தபின் அச்சிறுவன் அவரிடம் வந்து, "டீச்சர், அந்தப் பூனை மூஞ்சியக் கழுவிட்டா சரியாயிடும்தானே?" என்று மட்டும் கேட்டானாம். தமக்கு விடை தெரியவில்லை என்றார் ஆசிரியை. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பழைய கேலிச்சித்திரப் படங்களில் இடம்பெற்ற இனஞ்சார் படிமங்கள் எவ்வாறு உருவாயின, அவற்றுள் இந்தியரும் தமிழரும் பெற்ற இடம் யாது, ஆசிரியர் அவற்றை எவ்வாறு கையாளலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வார்ப்புப் படிமம்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'ஸ்டீரியோடைப்' எனப்படும் சொல் முதலில் அச்சுத்தொழிலுக்கு உரியது. கோத்த எழுத்துகளின் பதிவை எடுத்து, அதிலிருந்து ஒரே உலோகத் தகடாக வார்த்து, அதனைக் கொண்டு எத்தனை படிகளையும் அச்சிடும் முறைக்கு அப்பெயர் வழங்கியது. இச்சொல்லைச் சமூகச் சிந்தனைக்கு உரிய கலைச்சொல்லாக நிலைபெறச் செய்தவர் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன். 1922ஆம் ஆண்டு வெளிவந்த பொதுமக்கள் கருத்து பற்றிய நூலில், மனிதர் உலகைக் கண்டு அறிந்தபின் வரையறுப்பதில்லை என்றும், முன்னரே வரையறுத்துக்கொண்டு பின்னரே காண்கின்றனர் என்றும் அவர் விளக்கினார். எனவே இதனை 'வார்ப்புப் படிமம்' எனத் தமிழில் வழங்குதல் பொருத்தமாகும். ஒருமுறை வார்த்த தகட்டில் ஓர் எழுத்தை மட்டும் திருத்த இயலாது. ஒரே பிழை எல்லாப் படிகளிலும் பதியும். கேலிச்சித்திரப் படங்களுக்கு இவ்வுவமை மிகவும் ஏற்புடையது எனலாம்.

கேலிச்சித்திரக் கலை மிகைப்படுத்தலை அடிப்படையாகக் கொண்டது. சில நிமிடங்களுக்குள் கதை கூற வேண்டியிருப்பதால், பாத்திரம் திரையில் தோன்றியவுடனேயே அவர் இன்னார் எனப் பார்வையாளர் அறிந்தாக வேண்டும். இத்தேவை வரைவோரை ஏற்கெனவே வழக்கிலிருந்த உருவங்களை நாடச் செய்தது. அமெரிக்காவில் அவ்வுருவங்கள் ஆயத்தமாகக் கிடைத்த இடம், 1830களில் பரவத் தொடங்கிய 'மின்ஸ்ட்ரல்' மேடை நிகழ்ச்சியாகும். வெள்ளையினக் கலைஞர் முகத்தில் கரி பூசி, உதடுகளைப் பெரிதாக்கி, கறுப்பின மக்களைப் போன்று ஆடிப்பாடிக் கேலி செய்தனர். தாமஸ் ரைஸ் என்னும் கலைஞர் இவ்வாறு நடித்துப் புகழ்பெற்ற பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. பின்னாளில் இனப்பிரிவினைச் சட்டங்களுக்கு அப்பெயரே வழங்கலாயிற்று. கேலிச்சித்திரப் பாத்திரங்களின் வெள்ளைக் கையுறையும் அகன்ற வாயும் இம்மேடையின் எச்சங்களே என நிக்கலஸ் சாமண்ட் 2015ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் வாதிடுகிறார்.

சென்னை வழியில் பிறந்த ஒரு கதை

இப்பொருள் நமக்குத் தொலைவானது என எண்ணுவோர்க்கு 'லிட்டில் பிளாக் சாம்போ' என்னும் சிறுவர் நூலின் வரலாறு வியப்பளிக்கும். இதனை எழுதியவர் ஹெலன் பேனர்மன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி. இந்திய மருத்துவப் பணியில் இருந்த தம் கணவருடன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்தவர். தம் மகளிர் இருவரையும் கோடைக்கானலில் விட்டுச் சென்னைக்குத் திரும்பும் இரயில் பயணத்தில் அவர்களுக்காக இக்கதையை அவர் புனைந்தார் என்பர். நூல் 1899ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. சிறுவன் ஒருவன் தன் புத்தாடைகளை ஒவ்வொன்றாகப் புலிகளுக்குக் கொடுத்து உயிர் தப்புகிறான். தம்முள் பூசலிட்ட புலிகள் ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிவிடுகின்றன. அந்நெய்யில் அவன் தாய் சுட்ட பணியாரத்தில் சிறுவன் மட்டும் 169 தின்கிறான். புலியும் நெய்யும் கடைத்தெருவும் உள்ள இக்கதையின் களம் இந்தியா என்பதில் ஐயமில்லை. சிறுவன் அறிவால் வெல்கிறான் என்பதும் கருதத்தக்கது.

ஆயினும் அவனுக்கு இடப்பட்ட பெயரும் நூலாசிரியரே வரைந்த படங்களும் வேறொரு கதையைக் கூறின. 'சாம்போ' என்பது கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டும் சொல்லாக வழங்கியது. பேனர்மன் ஐந்து பவுனுக்குத் தம் உரிமையை விற்க நேர்ந்தமையால், அமெரிக்கப் பதிப்பாளர் பலர் விருப்பம்போல் வேறு படங்களை இட்டு நூலை வெளியிட்டனர். இந்தியச் சிறுவன் அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டத்துக் கறுப்பினச் சிறுவனின் கேலியுருவாக மாறினான். 1935இல் இக்கதையை அசைவூட்டப் படமாக்கியவர் அப் ஐவர்க்ஸ்; தொடக்ககால மிக்கி மவுஸ் படங்களுக்கு உயிர் கொடுத்த ஓவியர் அவரே. அப்படத்தில் தாயும் மகனும் மின்ஸ்ட்ரல் மேடையின் உருவிலும் பேச்சிலும் தோன்றினர்.

மேலைநாட்டில் ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், பல்கலைக்கழக நூலகமொன்றில் இந்நூலின் பழைய பதிப்புகள் சிலவற்றை நாம் ஒருசேரக் கண்டோம். கோடைக்கானல் மலையடிவாரத்தையோ சென்னைக் கடைத்தெருவையோ அப்படங்களில் தேடினோம், காணவில்லை. இந்தியர், ஆப்பிரிக்கர், அமெரிக்கக் கறுப்பினத்தார் என்னும் வேறுபாடே இன்றி, 'கறுப்பு' என்னும் ஒரே தகட்டில் அனைவரும் வார்க்கப்பட்டிருந்தனர். வார்ப்புப் படிமத்தின் இயல்பை இதனினும் தெளிவாக விளக்கும் சான்று அரிது. 1996ஆம் ஆண்டு ஓவியர் பிரெட் மார்செலினோ இக்கதையை 'லிட்டில் பாபாஜி' என்னும் பெயரில் மீண்டும் இந்தியப் பெயர்களோடும் இந்திய உருவங்களோடும் வெளியிட்டார். நூறாண்டு அலைந்து கதை தன் களத்திற்குத் திரும்பியது. கதையைக் காத்துப் படிமத்தை நீக்க இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

'அக்காலம் அப்படி' என்னும் வாதம்

'டாம் அண்ட் ஜெர்ரி' வரிசை 1940இல் தொடங்கியது. அதில் 1952 வரை தோன்றிய கறுப்பினப் பணிப்பெண்ணின் முகம் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. கால்களும் துடைப்பமும் உரத்த குரலுமே அவளாகும். முகமற்ற பாத்திரத்திற்கு விருப்பும் வெறுப்பும் உண்டு எனக் குழந்தை எண்ணுவதற்கு இடமில்லை. 1941இல் வெளிவந்த 'டம்போ' படத்தில் காகக் கூட்டத்தின் தலைவனுக்கு ஜிம் குரோ என்றே பெயரிட்டனர். அதற்குக் குரல் கொடுத்தவர் வெள்ளையினப் பாடகர். வார்னர் நிறுவனத்தின் படங்களுள் 1931 முதல் 1944 வரை வெளிவந்த பதினொன்றை, அவற்றின் ஒளிபரப்பு உரிமையைப் பெற்றிருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் 1968இல் ஒளிபரப்பிலிருந்து முற்றாக விலக்கியது.

இவற்றைக் குறித்துப் பேசும்போது, 'அக்காலத்தில் அனைவரும் அப்படித்தான் எண்ணினர். இன்றைய அளவுகோலால் அளத்தல் முறையன்று' என்னும் வாதம் எழுகிறது. இவ்வாதம் பாதி உண்மையே. வால்டர் லான்ட்ஸ் 1941இல் வெளியிட்ட படமொன்றைக் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. 1948இல் கண்டித்தது, மறு ஆண்டே படம் திரும்பப் பெறப்பட்டது. வார்னர் நிறுவனத்தின் 1943ஆம் ஆண்டுப் படமொன்றும் அது வெளிவந்த காலத்திலேயே அச்சங்கத்தின் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆகவே அக்காலத்திலேயே புண்பட்டோர் இருந்தனர். புண்பட்டதை உரைத்தும் இருந்தனர். 'அனைவரும்' எனக் கூறும்போது அவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

சில நிறுவனங்கள் ஓசையின்றித் திருத்தும் வழியை மேற்கொண்டன. 1940ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபேன்டேசியா'வில் பெண்குதிரை மாந்தர்க்குப் பணிவிடை செய்த கறுப்பு உருவம் 1960களில் வெட்டி நீக்கப்பட்டது. டாம் அண்ட் ஜெர்ரியின் பணிப்பெண்ணை அதே காலத்தில் தொலைக்காட்சிக்காக வெள்ளைப் பெண்ணாக மாற்றி வரைந்தனர். இம்முறையில் தவறு மறைகிறது. தவறு நிகழ்ந்தது என்னும் சான்றும் உடன் மறைகிறது. மாறாக, டிஸ்னி நிறுவனம் தன் இணைய ஒளிபரப்பில் 2019இல் பழைய படங்களுக்குக் குறிப்பொன்றைச் சேர்த்து, 2020இல் அதனை விரிவாக்கி, 2021இல் சில படங்களைச் சிறுவர் பகுதியிலிருந்து அகற்றியது. 2025இல் அக்குறிப்பின் வாசகத்தைச் சுருக்கியது. ஆறாண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றங்கள், இச்சிக்கலுக்கு நிறுவனங்களிடம் நிலையான விடை இல்லை என்பதையே உணர்த்துகின்றன.

திரையில் இந்தியரும் மலேசியரும்

இந்தியர்க்கும் தனி வார்ப்பு உண்டு. 1964இல் ஒளிபரப்பான 'ஜானி குவெஸ்ட்' தொடரில் வரும் ஹாஜி என்னும் கல்கத்தாச் சிறுவன் மணிபதித்த தலைப்பாகை அணிந்து மந்திரம் சொல்லி வித்தை காட்டுகிறான். அவன் நல்லவன், துணிவுள்ளவன். ஆயினும் இந்தியன் என்றால் மாயவித்தைக்காரன் என்னும் தகட்டிலிருந்து வந்தவன். 1990 முதல் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் இடம்பெற்ற கடைக்காரர் அப்புவுக்குக் குரல் கொடுத்தவர் இந்தியர் அல்லர். அவர்க்கு இடப்பட்ட குலப்பெயர் எந்த இந்திய மொழியிலும் வழங்காத நீண்ட ஒலிக்கோவை. அமெரிக்காவில் வளர்ந்த ஹரி கொண்டபோலு 2017இல் வெளியிட்ட ஆவணப்படம், பள்ளிகளில் இந்தியச் சிறுவர் அக்குரலால் கேலி செய்யப்பட்டதைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. 2020இல் குரல் கலைஞர் ஹேங்க் அசாரியா அப்பாத்திரத்திலிருந்து விலகினார்.

மலேசியச் சூழல் இவற்றினின்று வேறுபட்டது. நம் நாட்டின் முதல் அசைவூட்டக் குறும்படமாகக் கருதப்படும் 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்' 1978இல் உருவாகி 1983இல் ஒளிபரப்பானது. அதனை மலேசியத் திரைப்படப் பிரிவான ஃபிலெம் நெகாராவில் உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். மலாய் மரபின் சருகுமான் கதைக்கு முதலில் உயிரூட்டிய கை ஓர் இந்திய மலேசியருடையது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். ஓவியர் லாட் 1979இல் வெளியிட்ட 'கம்போங் பாய்' சித்திர நூல் 1990களின் இறுதியில் தொலைக்காட்சித் தொடராகி, 1999இல் பிரான்சின் அன்னெசி விழாவில் பரிசு பெற்றது. லாட் எல்லா இனத்தாரையும் மிகைப்படுத்தியே வரைந்தார். ஆனால் கலைந்த முடியும் பருத்த மூக்குமாக முதலில் மிகைப்படுத்தப்பட்டவர் அவரே.

2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடர் இன்றைய மாணவர்க்கு மிக நெருக்கமானது. அதன் சிற்றூரில் முத்து உணவுக்கடை வைத்திருக்கிறார். அவர் மகன் ராஜு மாட்டோடும் பிற விலங்குகளோடும் நெருங்கிப் பழகுகிறான். சீக்கியச் சிறுவன் ஜர்ஜிட் எதற்கெடுத்தாலும் பந்துன் பாடுகிறான். கடையும் மாடும் இந்தியரின் அடையாளமாக நிற்பது பழைய தகட்டை நினைவூட்டாமல் இல்லை. அதே வேளையில் மலாய்க் கவிதை வடிவத்தில் சீக்கியச் சிறுவனே வல்லவனாகத் திகழ்வது, வார்ப்பை உடைத்துச் செல்லும் புனைவாகும். ஒரே தொடரில் இரு போக்கும் காணப்படுதலால், முற்றாக ஏற்பதும் முற்றாகத் தள்ளுவதும் பொருந்தா.

தொல்காப்பிய நோக்கில் எள்ளல்

இவ்விடத்துத் தொல்காப்பியர் நமக்குத் துணைநிற்கிறார். மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாக நகையைக் கூறும் அவர், அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைச் சுட்டுகிறார். பூனை தன் வலையில் தானே சிக்குவது பேதைமை பற்றிய நகை. எலிக்குஞ்சின் மழலைச் செய்கை இளமை பற்றிய நகை. இவை எக்காலத்தும் எவரையும் புண்படுத்தா. சிக்கல் எள்ளலில்தான் எழுகிறது. உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இருவகையாக விளக்குவார்: பிறரைத் தான் இகழ்ந்து சிரித்தல் ஒன்று, பிறர் இகழ்ந்தபோது தானே சிரித்தல் மற்றொன்று.

இவ்விரண்டாம் வகை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. இகழப்பட்டவரும் உடன் சிரிக்க இயலுமா என்பதே இங்கு உரைகல். மெக்சிக்க எலியாகிய 'ஸ்பீடி கொன்சாலஸ்' படங்களை அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் 1999இல் நிறுத்தியபோது, ஸ்பானிய மொழி மரபைச் சேர்ந்த பார்வையாளரே அவற்றை மீண்டும் கேட்டனர். 2002இல் ஒளிபரப்புத் தொடர்ந்தது. அந்த எலி எப்போதும் வெல்வது. தன் மக்களைக் காப்பது. அதில் அவர்கள் தம்மைக் கண்டு மகிழ இயன்றது. சாம்போவின் பழைய படங்களைக் கண்டு கறுப்பினக் குழந்தை அவ்வாறு மகிழ இயலவில்லை. நம் தோற்பாவை நிழற்கூத்தில் வரும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் உருவில் விகாரமானவர்கள்தாம். ஆயினும் அரசனையும் முனிவனையும் நகையாடும் உரிமை அவர்களுக்கு உண்டு. விகார உருவத்தின் வாயில் ஊராரின் குரல் ஒலிக்கிறது. எனவே உருவ மிகை மட்டுமே குற்றமன்று. மிகைப்படுத்தப்பட்டவனுக்குப் பேச்சு மறுக்கப்படுவதே குற்றம் எனக் கொள்ளலாம்.

இங்கு நம்மையும் நாம் நோக்குதல் வேண்டும். தமிழ்த் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் கறுத்த நிறம் எத்தனை முறை சிரிப்புக்குப் பொருளாயிற்று என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம். அவ்வகுப்பு மாணவர் தம் தோழனைத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டது அமெரிக்கப் படத்திலிருந்து மட்டுமன்று.

வகுப்பறையில் செய்யத்தக்கன

முதலாவதாக, ஆசிரியர் தாம் முன்னரே முழுமையாகக் காணாத பழைய படத்தைத் திரையிடலாகாது. ஓய்வுநேரப் படமும் பாடமே.

இரண்டாவதாக, மாணவரின் பருவம் கருதத்தக்கது. ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான மாணவர்க்கு இனக்கேலி இடம்பெறும் காட்சிகளை அறவே தவிர்த்தல் நன்று. நான்காம் ஆண்டுக்கு மேற்பட்டோர்க்குத் தேர்ந்த காட்சியை விளக்கத்துடன் காட்டலாம். இடைநிலைப்பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் முழுப்படத்தையும் ஆய்வுப் பொருளாகவே கொள்ளலாம்.

மூன்றாவதாக, உயர்நிலைச் சிந்தனைத் திறனை வளர்க்கும் வகையில் நான்கு வினாக்களை எழுப்பலாம். இதனை வரைந்தவர் யார், எவர் சிரிப்பதற்காக வரைந்தார்? சிரிப்பு அப்பாத்திரத்தின் செயலால் எழுகிறதா, பிறப்பால் அமைந்த உருவத்தால் எழுகிறதா? அப்பாத்திரத்திற்குத் தனக்கெனப் பெயரும் விருப்பமும் பேச்சும் உண்டா? நம் வகுப்பில் அமர்ந்திருப்போருள் எவரேனும் அதில் தம்மைக் கண்டு தலைகுனிய நேருமா? இவ்வினாக்களை டாம் அண்ட் ஜெர்ரிக்கு மட்டுமன்றி, உப்பின் இப்பினுக்கும் தமிழ்த் திரைப்பட நகைச்சுவைக்கும் பொருத்திப் பார்க்கச் செய்தல் வேண்டும். பின்னர், ராஜுவைக் கதைத்தலைவனாகக் கொண்டு ஒரு கதை எழுதுமாறு பணித்தால், அது கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும்.

முடிவுரை

பழைய கேலிச்சித்திரப் படங்களை எரித்தலும் வேண்டா. 'அக்காலம் அப்படி' எனக் கூறிக் கடந்து செல்லுதலும் வேண்டா. எள்ளல் எவ்விடத்து எல்லோருக்கும் உரிய நகையாகிறது, எவ்விடத்து ஒருவர்க்கு மட்டும் சுமையாகிறது என்பதைப் பிரித்தறியும் திறனையே மாணவர்க்கு நாம் வழங்க வேண்டும். தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட படங்களில் எந்த வட்டார வழக்கு எப்பாத்திரத்திற்குக் கொடுக்கப்படுகிறது என்பது தனித்து ஆராயத்தக்க பொருளாகும். மொழியியல் மாணவர் இதனை மேற்கொள்ளலாம்.

இறுதியாக, அச்சிறுவனின் வினாவுக்கு விடை கூறவேண்டும். பூனையின் முகத்தில் இருப்பது கரி. அது கழுவினால் போகும். அவன் முகத்தில் இருப்பது அவன் நிறம். அது கழுவவேண்டிய ஒன்றன்று. கரியையும் நிறத்தையும் ஒன்றெனக் காட்டியதே, ஏறத்தாழ எண்பதாண்டுக்கு முன் அப்படத்தை வரைந்தோர் செய்த பிழை. இவ்விடையை அவனிடம் தனியே கூறுதல் போதாது, திரும்பிப் பார்த்துச் சிரித்த மாணவரும் கேட்கும்படி வகுப்பிலேயே கூறுமாறு அவ்வாசிரியையிடம் நாம் கேட்டுக்கொண்டோம். தோட்டத்து மண்டபத்தில் அன்று நம்முடன் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் எவர் சிரிக்காமல் இருந்தனர் என்பது நமக்கு நினைவில்லை. அவ்வகுப்பில் அச்சிறுவனை ஆசிரியை கண்டுகொண்டார் என்பது நமக்கு ஆறுதல் அளிக்கிறது.